இரண்டு கிளாஸ் சேர்ந்தால் இரட்டிப்புப் பலமா? மல்டிகிளாஸ் – ஓர் எளிய விளக்கம்

மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடத் தொடங்கிய சில வாரங்களிலேயே பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நாகர்கோவிலில் நாங்கள் ஆடும் மேசையில் புதிதாக வந்து சேரும் தம்பிமாரும் தங்கைமாரும் அதை ஏறத்தாழ ஒரே மாதிரிதான் கேட்பார்கள்: "ஃபைட்டரையும் விஸார்டையும் சேத்து எடுத்தா ரெண்டு வேலையையும் ஒருத்தனே பாத்துக்கலாம்லா?" வாளும் மந்திரமும் ஒரே கையில் இருந்தால் பலம் கூடும் என்பது இயல்பான எண்ணம். ஆனால் இந்த ஆட்டத்தின் கணக்கு அப்படிப் போவதில்லை. தவறாகக் கலந்த கதாபாத்திரம் சண்டைக்கும் உதவாமல் மந்திரத்துக்கும் உதவாமல் நடுவில் நிற்பதையும், சரியாகக் கலந்த ஒன்று மேசையிலேயே மிக இன்பமான பாத்திரமாக அமைவதையும் நான் அடிக்கடி காண்கிறேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளக் கடினமான கணிதம் எதுவும் தேவையில்லை. நான்கைந்து விதிகளை ஒழுங்காகத் தெரிந்துகொண்டால் போதும்.

## முதலில் சில சொற்கள்

1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் உழைப்பில் வெளிவந்த இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்று நடத்துவார்கள். கதையைச் சொல்லி, எதிரிகளை இயக்கி, தீர்ப்பும் வழங்குபவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். கதாபாத்திரத்தின் தொழிலே கிளாஸ். ஃபைட்டர் போர்வீரர், விஸார்ட் படித்து மந்திரம் கற்றவர், ரோக் மறைந்து தாக்குபவர், பார்பேரியன் ஆவேசத்தோடு மோதுபவர். அனுபவம் சேரச் சேர ஒன்று முதல் இருபது வரை ஏறும் படிநிலைக்கு லெவல் என்று பெயர். ஒவ்வொரு முறை லெவல் ஏறும்போதும் அந்த லெவலைப் பழைய கிளாஸிலேயே போடலாம், அல்லது புதிய கிளாஸ் ஒன்றில் போடலாம். இரண்டாவது வழிதான் மல்டிகிளாஸ். இங்கே நான் சொல்லும் விதிகள் 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தவை. 2024-இல் திருத்தப்பட்ட நூலில் மாறியவற்றை இறுதியில் சொல்கிறேன்.

## ரப்பர் தோட்டத்து ஊடுபயிர்

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் கன்று நட்ட தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். கன்று நட்டுப் பால்வெட்டு தொடங்க ஏழு ஆண்டுகள் போல ஆகிவிடும். அதுவரை நிலத்தைச் சும்மா விடாமல் முதல் மூன்று ஆண்டுகளுக்கு வரிசைகளுக்கு நடுவே வாழையோ அன்னாசியோ போடுவார்கள். ரப்பரின் இலை விரிந்து நிழல் மூடும் முன்பே வாழை குலை தள்ளிவிடும் என்பதால் இந்தக் கூட்டு பலன் தருகிறது. இதையே தப்பாகச் செய்தவரின் தோட்டத்தில், கன்றுக்குப் போக வேண்டிய உரமும் நீரும் வாழைக்குப் போய், ரப்பர் மெலிந்து, பால்வெட்டும் தள்ளிப்போகும். நிலத்தின் அளவு கூடுவதே இல்லை. ஒன்றுக்குக் கொடுத்ததை இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது என்பதால், எந்தப் பயிர் எப்போது பலன் தரும், இரண்டும் எதற்குப் போட்டியிடும் என்பதைத்தான் விவசாயி பார்க்கிறார்.

மல்டிகிளாஸில் லெவல்தான் நிலம். ஃபைட்டரில் மூன்று, விஸார்டில் இரண்டு என்றால் மொத்தம் ஐந்தாம் லெவல் கதாபாத்திரம். ஐந்தாம் லெவல் ஃபைட்டரும் ஐந்தாம் லெவல் விஸார்டும் ஒரே உடலில் இருப்பதாக அதற்குப் பொருள் இல்லை. புதியவர்களின் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிடும்.

## எது மொத்த லெவலைப் பார்க்கிறது, எது பார்ப்பதில்லை

கதாபாத்திரத்தின் சில வளர்ச்சிகள் மொத்த லெவலைப் பின்பற்றுகின்றன. பயிற்சி பெற்ற செயல்களில் பகடையோடு கூட்டும் எண்ணான பிராஃபிஷியன்சி போனஸ் அப்படிப்பட்டது. எந்தக் கலவையானாலும் ஐந்தாம் லெவலில் அது +3 ஆகும். மந்திரம் போட ஒரு நாளைக்குக் கிடைக்கும் வாய்ப்பான ஸ்லாட் எதையும் செலவிடாமல் எத்தனை முறையும் போடக்கூடிய கேன்ட்ரிப் என்னும் சிறு மந்திரங்களும் மொத்த லெவல் 5, 11, 17 ஆகியவற்றில் வலுப்பெறும்.

உண்மையில் ஆட்டத்தை மாற்றும் பலன்கள் பெரும்பாலும் அந்தந்தக் கிளாஸின் லெவலை மட்டுமே பார்க்கின்றன. ஃபைட்டர், பார்பேரியன், உறுதிமொழி ஏற்ற புனித வீரரான பாலடின், காட்டு வேட்டைக்காரரான ரேஞ்சர், வெறுங்கையால் மோதும் துறவியான மங்க் ஆகியோருக்கு ஒரே ஆக்‌ஷனில் இருமுறை தாக்கும் எக்ஸ்ட்ரா அட்டாக் அந்தக் கிளாஸின் ஐந்தாம் லெவலில் கிடைக்கிறது. தீக்கோளமான ஃபயர்பால் உள்ளிட்ட மூன்றாம் நிலை மந்திரங்கள் விஸார்டின் ஐந்தாம் லெவலில் வருகின்றன. இவற்றைவிட அதிகம் மறக்கப்படுவது, வலிமை, அறிவு போன்ற திறன் எண்களைக் கூட்டிக்கொள்ளும் வாய்ப்பு. பெரும்பாலான கிளாஸ்களில் அது 4, 8, 12, 16, 19 ஆகிய லெவல்களில் கிடைக்கும், அதுவும் கிளாஸ் லெவல்தான். ஃபைட்டர் 3, விஸார்ட் 3, ரோக் 3 என்று ஒன்பதாம் லெவலுக்கு ஏறிய ஒருவருக்கு அந்த வாய்ப்பு ஒருமுறைகூட வந்திருக்காது. ஃபைட்டராகவே எட்டாம் லெவலை எட்டியவருக்கு 4, 6, 8 என மூன்று முறை வந்திருக்கும், ஏனெனில் ஃபைட்டருக்கு ஆறிலும் பதினான்கிலும் கூடுதல் வாய்ப்பு உண்டு.

சுருக்கமாக: மொத்த லெவல் ஒன்றாகவே இருக்கும். பெரிய பலன்கள் ஒவ்வொரு கிளாஸிலும் தனித்தனியே ஏறினால்தான் கிடைக்கும். ஆகவே இரண்டாவது கிளாஸில் போடும் ஒவ்வொரு லெவலும் முதல் கிளாஸின் அடுத்த பலனை ஒரு படி தள்ளிப்போடுகிறது.

## ஒரு சண்டையை அருகிலிருந்து பார்ப்போம்

எங்கள் டி.எம். தக்கலை அருகே புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டையின் மதிலையும் வாசலையும் மனத்தில் வைத்து ஒரு வரைபடம் வரைந்திருக்கிறார். அதன் வாசலில் கவசமணிந்த காவலன் நிற்கிறான். அவனுடைய தற்காப்பு எண் 15, அதாவது இருபது முகப் பகடையில் விழுவதும் நம் போனஸும் சேர்ந்து 15-ஐ எட்டினால் அடி படும். எதிரே இரண்டு கதாபாத்திரங்கள், இருவரும் ஐந்தாம் லெவல்.

முதலாமவர் முழு ஃபைட்டர். நான்காம் லெவலில் வலிமையை 16-இலிருந்து 18 ஆக்கிக்கொண்டார். வலிமை 18 தரும் போனஸ் +4, பிராஃபிஷியன்சி +3, ஆக +7. பகடையில் 8 விழுந்தாலே அடி படும், வாய்ப்பு 65 சதவீதம். வாளுக்கு எட்டு முகப் பகடையின் சராசரி 4.5, அதோடு 4 சேர்ந்து ஓர் அடிக்கு 8.5. இருமுறை தாக்குவதால், தன் முறை வரும் ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 11 புள்ளி சேதம்.

இரண்டாமவர் ஃபைட்டர் 3, விஸார்ட் 2. எந்தக் கிளாஸிலும் நான்காம் லெவலை எட்டாததால் வலிமை 16-இலேயே நிற்கிறது. அது தருவது +3 மட்டுமே, ஆக போனஸ் +6, வாய்ப்பு 60 சதவீதம், ஓர் அடிக்கு 7.5, ஒரே ஒரு தாக்குதல். சராசரி 4.5. பாதிக்கும் குறைவு.

அவரிடம் மந்திரம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. குறி தவறாத மேஜிக் மிஸ்ஸைல் மந்திரம் சராசரியாக 10.5 சேதம் தரும், அது ஃபைட்டருக்கு ஏறத்தாழ ஈடானதே. ஆனால் இரண்டாம் லெவல் விஸார்டுக்கு அப்படிப்பட்ட மந்திரங்களைப் போட ஒரு நாளைக்கு மூன்று ஸ்லாட்டுகள்தான். ஒரு சிறு ஓய்வில் ஒன்றை மீட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஃபைட்டரின் வாளுக்கு அத்தகைய எண்ணிக்கை கிடையாது. மறுபுறம் ஐந்தாம் லெவல் விஸார்டோடு ஒப்பிட்டால், அவர் போடும் ஃபயர்பால் ஒரே வீச்சில் ஓர் அறையிலுள்ள அத்தனை எதிரிகள்மீதும் சராசரியாக 28 சேதம் இறக்கும், தப்பித்தவர்களுக்கும் அதில் பாதி விழும். நம் கலவை வீரர் இரண்டு பக்கமும் பின்தங்கியிருக்கிறார். ஐந்தாம் லெவல் என்பது ஏறத்தாழ எல்லாக் கிளாஸ்களும் ஒரு பெரிய தாவல் தாவும் இடம் என்பதால் இந்த இடைவெளி அங்கேதான் மிகக் கூர்மையாகத் தெரியும். முதல் கிளாஸில் ஐந்தாம் லெவலைத் தொட்ட பிறகே இரண்டாவதைப் பற்றி யோசியுங்கள் என்று புதியவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம்.

## திறன் எண்கள் ஒத்துப்போக வேண்டும்

ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் வலிமை, லாவகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், ஆளுமை என ஆறு திறன் எண்கள் உண்டு. விதிநூலின் நிலையான தொகுப்பை எடுத்தால் 15, 14, 13, 12, 10, 8 ஆகிய எண்களை இந்த ஆறுக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். மல்டிகிளாஸ் செய்யப் பழைய கிளாஸ், புதிய கிளாஸ் ஆகிய இரண்டின் முக்கியத் திறனும் குறைந்தது 13 ஆக இருக்க வேண்டும் என்பது விதி. ஃபைட்டருக்கு வலிமை அல்லது லாவகம், விஸார்டுக்கு அறிவு, ரோக்குக்கு லாவகம், பாலடினுக்கு வலிமையும் ஆளுமையும், மங்குக்கு லாவகமும் விவேகமும்.

13 என்பது வெறும் நுழைவுச்சீட்டு. நல்ல முறையில் இயங்க முக்கியத் திறன் 16 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எனவே இரண்டு கிளாஸ்களும் ஒரே திறனைச் சார்ந்திருந்தால் சுமை பாதியாகும். பாலடினும், பிறவியிலேயே மந்திரம் வாய்த்த சார்சரரும் மந்திரத்துக்கு ஆளுமையையே நம்புவதால் அந்தக் கூட்டு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. மங்க் கிளாஸையும் விஸார்டையும் சேர்த்தாலோ லாவகம், விவேகம், அறிவு, உயிர்பிழைக்கத் தாங்குதிறன் என நான்கு இடங்களில் நல்ல எண் வேண்டும். தொகுப்பில் அத்தனை நல்ல எண்கள் இல்லை.

## ஒரு முறைக்கு ஓர் ஆக்‌ஷன்

சண்டையில் தன் முறை வரும்போது ஒருவர் ஓர் ஆக்‌ஷன், அதற்கான சிறப்புத் திறன் இருந்தால் ஒரு போனஸ் ஆக்‌ஷன், ஆகியவற்றைச் செய்யலாம். எத்தனை கிளாஸ் வைத்திருந்தாலும், அதனால் மட்டும் இந்த எண்ணிக்கை மாறாது. கோட்டை வாசலில் நின்ற கலவை வீரர் மேஜிக் மிஸ்ஸைல் போட்ட முறையில் அவருடைய வாள் உறையில்தான் இருந்தது. மங்கின் கூடுதல் குத்தும், ஓடவோ ஒளியவோ உதவும் ரோக்கின் கன்னிங் ஆக்‌ஷனும் போனஸ் ஆக்‌ஷனையே கேட்கின்றன. இரண்டும் தாளில் இருக்கும், ஒரு முறையில் ஒன்றுதான் நடக்கும்.

இதனால் ஆக்‌ஷன் எதையும் கேட்காமல், செய்துகொண்டிருக்கும் வேலையோடு தானாக ஒட்டிக்கொள்ளும் பலன்களே கலவைக்கு மிக ஏற்றவை. சில பலன்கள் ஒட்டிக்கொள்வதும் இல்லை. ஃபைட்டர் 5, பாலடின் 5 என்று பத்தாம் லெவலுக்குப் போனவருக்கு எக்ஸ்ட்ரா அட்டாக் இரண்டு இடத்தில் எழுதியிருந்தாலும் தாக்குதல் இரண்டே. கவசமில்லாத தற்காப்பை பார்பேரியனிடமிருந்து பெற்றவர் மங்கிடமிருந்து மீண்டும் பெற முடியாது.

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஒரு கலவையை எடைபோட மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. எந்தப் பெரிய பலன் எத்தனை லெவல் தள்ளிப்போகிறது? இரண்டும் ஒரே திறன் எண்ணைச் சார்ந்துள்ளனவா? ஒரே ஆக்‌ஷனுக்கு அவை முட்டிக்கொள்கின்றனவா?

## நன்றாக ஒட்டும் ஒரு கலவை

பார்பேரியன் 5, ரோக் 3. பார்த்தவுடன் பொருந்தாததாகவே தோன்றும், ஏனெனில் ஒருவர் வலிமையை நம்புபவர், மற்றவர் லாவகத்தை நம்புபவர். எனக்கு மிகவும் பிடித்த கலவை இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரோக்கின் ஸ்னீக் அட்டாக் என்பது ஒரு முறைக்கு ஒரு தடவை அடியோடு கூடுதல் சேதம் சேர்க்கும் திறன். ரோக் மூன்றாம் லெவலில் அது ஆறு முகப் பகடை இரண்டு, சராசரி 7. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஆயுதம் ரேப்பியர் போன்ற லாவக வகை வாளாகவோ வில் போன்ற எறிவகையாகவோ இருக்க வேண்டும். பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும் அட்வான்டேஜ் இருக்க வேண்டும், அல்லது எதிரியின் அருகில் நம் தோழர் ஒருவர் நிற்க வேண்டும். ஆயுதம் லாவக வகை ஆக வேண்டும் என்றுதான் விதி சொல்கிறதே தவிர, அதை லாவகத்தால்தான் வீச வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. பார்பேரியனின் ரெக்லஸ் அட்டாக்கோ, வலிமையால் தாக்கினால் நினைத்தபோதெல்லாம் அட்வான்டேஜ் தருகிறது. ஆவேசநிலையான ரேஜ், வலிமையால் அடித்தால் ஓர் அடிக்கு +2 சேர்க்கிறது. ரேப்பியரை வலிமையால் வீசும் பார்பேரியனுக்கு மூன்றும் ஒருசேரக் கிடைக்கின்றன, அதுவும் ரேஜைத் தொடங்கிவிட்ட பிறகு தாக்கும் அதே ஆக்‌ஷனுக்குள். ரெக்லஸ் அட்டாக் செய்தால் எதிரிகளுக்கும் நம்மீது அட்வான்டேஜ் கிடைக்கும் என்பது அதன் விலை. ரேஜ் சாதாரண ஆயுதச் சேதத்தைப் பாதியாக்குவதால் அந்த விலையைத் தாங்கிக்கொள்ளலாம்.

எண்களைப் பார்ப்போம். வலிமை 18, அதே காவலன், அடிப்படை வாய்ப்பு 65 சதவீதம், அட்வான்டேஜோடு ஏறத்தாழ 88 சதவீதம். இரண்டு தாக்குதல்களில் ஒன்றாவது படும் வாய்ப்பு 98 சதவீதத்துக்கும் மேல், ஆகவே ஸ்னீக் அட்டாக் வீணாவது மிக அரிது. பகடையில் 20 விழும்போது கிடைக்கும் கூடுதல் சேதத்தை விட்டுக் கணக்கிட்டால் ஒரு முறைக்குச் சராசரி 25. இனி இதே எட்டாம் லெவலில் முழு பார்பேரியன், வலிமையை 20 ஆக்கி, இரு கைகளாலும் பெரிய வாளை வீசினால் வருவதும் ஏறத்தாழ அதே 25-தான்.

அப்படியென்றால் கலந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். ரேப்பியர் ஒற்றைக்கை ஆயுதம், மற்றக் கையில் கேடயம் பிடிக்கலாம், தற்காப்பு எண் 2 கூடும். தேர்ந்த இரண்டு செயல்களில் பிராஃபிஷியன்சி போனஸை இரட்டிப்பாக்கும் எக்ஸ்பர்டீஸ் உண்டு. அதை உடல்பலச் செயலுக்கு வைத்தால், ரேஜின்போது வலிமைச் செயல்களுக்குக் கிடைக்கும் அட்வான்டேஜும் சேர்ந்து, எதிரியைப் பிடித்து அமுக்குவதில் இவரை மிஞ்சுவது கடினம். சண்டைக்கு வெளியே பூட்டுத் திறக்கலாம், ஒளிந்து நடக்கலாம். முக்கிய வேலையில் தேய்மானம் இல்லாமல் இத்தனையும் கூடுகிறது. நல்ல கலவை என்று நான் சொல்வது இதைத்தான். சேத எண்ணை மட்டும் பார்த்து மல்டிகிளாஸை மதிப்பிடுபவர்கள் இதைக் காணத் தவறுகிறார்கள்.

## மந்திரக்காரர்கள் இருவர் சேரும்போது

விஸார்ட், தெய்வ அருளால் மந்திரம் போடும் கிளெரிக் போன்ற முழு மந்திரக் கிளாஸ்களைக் கலந்தால் ஸ்பெல் ஸ்லாட்டுகள் கூட்டிக் கணக்கிடப்படும். விஸார்ட் 3, கிளெரிக் 2 என்பவருக்கு ஐந்தாம் லெவல் மந்திரக்காரரின் ஸ்லாட்டுகள் அத்தனையும் உண்டு, மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டு உட்பட. இதைக் கண்டு மகிழ்ந்து ஃபயர்பால் எழுதப் போகிறவர்கள் பலர். ஆனால் எந்த மந்திரம் தெரியும் என்பதை அந்தந்தக் கிளாஸ் தனியாகத்தான் தீர்மானிக்கிறது. மூன்றாம் லெவல் விஸார்டுக்கு இரண்டாம் நிலை வரைதான் தெரியும். மூன்றாம் நிலை ஸ்லாட்டில் கீழ்நிலை மந்திரத்தை வலுவாக்கிப் போடலாமே தவிர ஃபயர்பால் கிடையாது. வேற்றுச் சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெறும் வார்லாக்கின் ஸ்லாட்டுகள் இந்தக் கூட்டலில் சேராமல் தனியே நிற்கும், சிறு ஓய்விலேயே மீளும்.

## எதில் தொடங்குவது

முதல் லெவலை எந்தக் கிளாஸில் எடுக்கிறோம் என்பதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆபத்திலிருந்து தப்பும் சேவிங் த்ரோ பயிற்சி முதல் கிளாஸிலிருந்து மட்டுமே வரும். ஃபைட்டராகத் தொடங்கி இரண்டாம் லெவலிலிருந்து விஸார்டாகப் போனவருக்குக் கனத்த கவசமும் தாங்குதிறன் சேவிங் த்ரோவும் உண்டு. அடி பட்டாலும் நீடித்த மந்திரத்தை நழுவவிடாமல் காக்க உதவுவது இந்தத் தாங்குதிறன்தான். அதே இரண்டு கிளாஸ்களை வரிசை மாற்றி எடுத்தால் இடைத்தரக் கவசமும் கேடயமும் வரை கிடைக்கும், கனத்த கவசம் கிடைக்காது, சேவிங் த்ரோவும் வராது. ஃபயர்பால் ஒரு லெவல் தள்ளிப்போகும் என்பது விலை. எனக்கு அது கொடுக்கத் தகுந்த விலையாகவே படுகிறது.

## ஆட்டம் எவ்வளவு நாள் ஓடும்

இருபதாம் லெவலை மனத்தில் வைத்துத் திட்டம் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. நம் மாவட்டத்தில் ஒரே குழு நெடுநாள் கூடியிருப்பது எளிதல்ல. படிப்பு முடிந்ததும் ஒருவர் திருவனந்தபுரத்துக்கும் இன்னொருவர் பெங்களூருக்கும் மற்றொருவர் வளைகுடாவுக்கும் போய்விடுவார்கள். ஆகவே பதினைந்தாம் லெவலில் மலரப்போகும் கலவையைவிட, இந்த மாதமும் அடுத்த மாதமும் ஆடப்போகும் லெவல்களில் முழுமையாக இருக்கும் கலவையையே தேர்ந்தெடுங்கள். கதையிலும் அதற்கு ஒரு காரணம் இருந்தால் டி.எம். அதை வளர்த்தெடுப்பார். கோவிலில் அடைக்கலம் புகுந்த திருடர் கிளெரிக் ஆவதில் ஒரு கதை இருக்கிறது.

## எந்த விதிநூல்

2014 நூலில் மல்டிகிளாஸ் என்பது டி.எம். அனுமதித்தால் மட்டும் சேரும் விருப்ப விதி. ஆகவே தாளில் பேனா வைக்கும் முன் கேட்டுவிட வேண்டும். அந்த நூலில் கிளெரிக், சார்சரர், வார்லாக் ஆகியோருக்கு உட்பிரிவு, அதாவது கிளாஸுக்குள் தேர்ந்தெடுக்கும் தனிப்பாதை, முதல் லெவலிலேயே கிடைத்ததால், ஒரே லெவல் எடுத்துப் பெரும் பலன் அடையும் வழி இருந்தது. 2024 நூலில் எல்லாக் கிளாஸ்களின் உட்பிரிவும் மூன்றாம் லெவலுக்குப் போய்விட்டது. ஸ்லாட் செலவழித்து அடியின் சேதத்தைக் கூட்டும் பாலடினின் டிவைன் ஸ்மைட் முன்பு படும் அடி ஒவ்வொன்றோடும் சேர்க்கக்கூடியதாக இருந்தது, இப்போது போனஸ் ஆக்‌ஷன் கேட்கும் மந்திரமாகிவிட்டதால் ஒரு முறைக்கு ஒன்றுதான். பாலடின், ரேஞ்சர் லெவல்களைப் பாதியாக்கி ஸ்லாட் கணக்கிடும்போது பழைய நூல் பின்னத்தைக் கீழே தள்ளும், புதிய நூல் மேலே ஏற்றும். பழைய நூலுக்காக எழுதப்பட்ட பாலடின்–சார்சரர் ஆலோசனை ஒன்றை எடுத்துக்கொண்டு புதிய நூலில் ஆடும் மேசைக்குப் போனால், முதல் சண்டையிலேயே அதன் பாதிக் கணக்கு பொருந்தாது.